கடந்தை கொட்டினால் சுண்ணாம்பும் அவிலும் போதுமா?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கடந்தை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற ஊர்களில் கதண்டு என்பார்கள். பேப்பரில் விஷ வண்டு என்று போடுவார்கள். குளவி இனம்தான். தென்னையிலோ பனையிலோ கூடு தெரிந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடுகிறோம், அவர்களும் வந்து கூட்டை எரித்து விடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கொட்டு வாங்கியவரை என்ன செய்கிறோம்? கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு, உள்ளே ஒரு அவில் மாத்திரை, "கொஞ்ச நேரம் படு, சரியாயிரும்". என் பிரச்சினையே இந்தக் "கொஞ்ச நேரம்"தான்.

பெரும்பாலானவர்களுக்கு வலி, வீக்கத்தோடு போய்விடும். கூட்டமாகக் கொட்டினால் விஷத்தின் அளவே ஆபத்து, சிறுநீரகம்கூட பாதிக்கும். ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டு போதும். இதற்குப் பெயர் அனாபிலாக்சிஸ். 1902ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரிஷேவும் போர்ட்டியேவும் நாய்களுக்குக் கடல் சாமந்தியின் விஷத்தைச் செலுத்திப் பார்த்தபோது கண்டுபிடித்தது இது. முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவிலேயே செத்துப்போனது. ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே, "போன தடவை கொட்டினப்ப ஒண்ணும் ஆகலியே" என்பது ஆறுதலே அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? கொட்டிய இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முவது, மூச்சில் விசில் சத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி மயக்கம். தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்தால் அவசரம். சிலருக்குத் தடிப்பே வராது. அப்போதுதான் "பயத்துல மயங்கிட்டான்" என்று விட்டுவிடுகிறோம். பயத்தில் மயங்கினால் பெரும்பாலும் நாடி மெதுவாக ஓடும். இதில் பெரும்பாலும் வேகமாக ஓடும். டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் அதன் முடிவு வரும்வரை காத்திருந்தால் ஆள் தாங்காது. கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி. குறையாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி போடலாம். அவிலும் ஸ்டீராய்டும் கெட்ட மருந்துகள் அல்ல. ஆனால் தொண்டை அடைப்பையும் ரத்த அழுத்த வீழ்ச்சியையும் அவை உடனே நிறுத்தாது. அரிப்பு குறைந்ததும் ஆள் பிழைத்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வெளிநாடுகளில் பேனா மாதிரி அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் அது சுலபமாகக் கிடைக்காது. ஆகவே நாம் செய்யக்கூடியது, நேரத்தை வீணாக்காமல் இருப்பது. 108ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரட்டும், நடக்க மட்டும் விடாதீர்கள். சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஏனென்றால் சிலருக்குத் திரும்பவும் வரும்.

குற்றால சீசனில் ஆயிரக்கணக்கில் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அருவிக்கரையில் வழுக்கும், ஆழம் என்று எச்சரிக்கை எழுதி வைக்கிறோம். அதன் கீழே இந்த அறிகுறிகளையும் நாலு வரி எழுதினால் என்ன? தோட்டத்தில், புதர் வெட்டுகிற இடத்தில் நிற்பவர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும். கூட்டை எரிக்க ஆள் கூப்பிடத் தெரிந்த நமக்கு, கொட்டுப்பட்டவருக்கு "அட்ரினலின் போட்டாச்சா டாக்டர்?" என்று கேட்கத் தெரியாமல் போகக் கூடாது. நீங்க என்ன சொல்றீங்க?