இலை வாசனை எண்ணெய்: வாலையா, உயரமுக்கப் பொறியா?

கறுவாப் பட்டை உரித்தபின் எஞ்சும் இலையிலிருந்தும், சித்திரனெல்லாப் புல்லிலிருந்தும் வாசனை எண்ணெய் எடுக்குந் தொழில் இலங்கையின் தென்பகுதியில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. இலையை வாலையில் இட்டுக் கொதிநீராவியைச் செலுத்தி எண்ணெயை வடிப்பதே அங்குள்ள வழக்கம். காபனீரொட்சைட்டைக் கொண்டு எண்ணெய் பிரிக்கும் முறை இன்று பெயர்பெற்றிருப்பதனால், மரக்கறி செய்யும் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியை வாசனைப் பயிருக்கு விட எண்ணுங் கமக்காரர், வாலை பழமைப்பட்டுவிட்டதெனக் கருதக்கூடும். அக்கருத்துப் பொருத்தமானதன்று.

காபனீரொட்சைட்டானது 31 பாகை சதமவளவைக்கு மேற் சூடாக்கப்பட்டு, வளிமண்டல அமுக்கத்தைப்போல் 73 மடங்குக்கு மேலாக அழுத்தப்படுமிடத்து, வாயுவென்றோ திரவமென்றோ பிரித்துக் கூறவியலாத ஒரு நிலையை அடைகின்றது. இதனை அவதிநிலை கடந்த பாய்பொருள் என்பர். அது வாயுவைப்போல் இலையினுள் எளிதிற் புகும். திரவத்தைப்போல் எண்ணெயைக் கரைக்கும். அமுக்கத்தைக் குறைத்ததும் வாயுவாகிப் பிரிந்துவிட, எண்ணெய் எஞ்சும். கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்குவதற்கும் இதுவே கையாளப்படுகின்றது.

இம்முறையின் சிறப்பு, சூட்டினால் மணங் கெடும் பொருள்களுக்கே பெரிதும் உரியது. கறுவா இலை எண்ணெயில் மிகுந்துள்ள யூஜினோல் அத்தகையதன்று. தனியே காய்ச்சின் ஏறத்தாழ 254 பாகையிற் கொதிக்கும் அப்பொருள், நீராவியுடன் கூடி நூறு பாகையளவிலேயே பழுதின்றி வடிந்துவிடும். பாய்பொருளோ இலையின் மெழுகையுங் கரைத்து வருமாதலின், அதைப் பிரிக்க வேறு கலமும் வேண்டும். மோட்டர் வண்டிச் சில்லிலுள்ள அமுக்கம் இரண்டு மூன்று வளிமண்டலமே. அதைப்போற் பன்மடங்கைத் தாங்கும் உருக்குக் கலத்தையும் பம்பியையும் கடன்பட்டு வாங்கிச் சில வாரம் ஓட்டிப் பல மாதம் பூட்டிவைப்பது கிராமச் சங்கமொன்றுக்குத் தகுமா?

வாலையில் நேரும் நட்டம் பெரும்பாலும் கவனக்குறைவினாலாயது. இலையை ஒருபுறம் நெருக்கியும் மறுபுறம் தளர்த்தியும் அடைத்தால் ஆவி தளர்ந்த வழியே ஓடிவிடும். குளிர்நீர் போதாவிடின் எண்ணெய் காற்றோடு போகும். கறுவா இலை எண்ணெய் நீரில் அமிழ்வது. சித்திரனெல்லா எண்ணெய் மிதப்பது. ஒன்றுக்கமைத்த ஏந்துகலத்தை மற்றதற்கும் அப்படியே வைப்போர் எண்ணெயை நீரோடு வாய்க்காலிற் கொட்டுகின்றனர். இலங்கைச் சித்திரனெல்லாவின் பசும்புல் 100 கிலோவில் ஒரு கிலோ எண்ணெய்தானும் கிடையாதாகையால், இஃது அற்ப நட்டமன்று.

உயரமுக்கப் பொறியுள்ள ஆலைக்கு இலை விற்போர் வேறொன்றைக் கவனித்தல் வேண்டும். எண்ணெயைக் கரைக்கும் பாய்பொருள், இலையிற் படிந்த பீடைநாசினிகள் பலவற்றையுங் கரைத்துச் சேர்த்துவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மருந்து தெளிக்கும் பாத்தியின் அருகே வாசனைப் புல்லை நட்டு, காற்றில் வந்து படிந்தது தானே என்று விட்டுவிட்டால், ஆலையார் அதனைச் சோதித்தறிந்து இலையைத் திருப்பியனுப்பலாம். வண்டிக்கூலி கமக்காரர் தலையிலேயே விழும். விலையையும் பச்சை எடைக்குப் பேசாது, இலையில் உள்ள எண்ணெயளவுக்குப் பேசி, நடுவதற்கு முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ளல் நன்று.