புண்பட்டதென்றால் பூட்டுவதோ?

“எம் மனம் புண்பட்டது” என்னும் ஒரு தொடர் இன்று கல்லூரிக் கதவுகளுக்குப் பூட்டாகியிருக்கின்றது. ஓவியம் தீட்டினால் பூட்டு, சிற்பம் வடித்தால் பூட்டு, பாட்டெழுதினால் பூட்டு. அதிலும், படைத்தவர் பெண்ணாகவோ படைக்கப்பட்டது பெண்ணின் உடலாகவோ இருந்துவிட்டால் அது இரட்டைப் பூட்டாகிவிடுகின்றது. புண்பட்டவர் யார், புண்படுத்தியது எது, அது புண்தானா அன்றிப் புனைவா என்று கேட்பாரைக் காணோம். கேட்க வேண்டிய கடமை கற்றோர்க்கு உண்டு. தமிழ் கற்றோர்க்கு மிகுதியும் உண்டு. அதன் கரணியத்தைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் நிகழ்ந்தவற்றைக் காண்போம்.

2007-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், வடோதராவிலுள்ள மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்துள் வெளியார் கூட்டமொன்று புகுந்தது. அங்கே தேர்வுக்கென வைக்கப்பட்டிருந்த மாணவர் படைப்புகளுள், பெண் தெய்வம் மகவு ஈனுவதாகக் காட்டிய படமும் சிலுவையைப் பொருளாகக் கொண்ட படைப்பும் சமயப் பழிப்பு என்று கூச்சலிட்டது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தளைப்படுத்தப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். ஆசிரியர் பார்த்து மதிப்பெண் இடுதற்கு வைத்த படைப்புக்குக் காவல்துறை மதிப்பெண் இட்டது என்க! அவருக்காக உடன்பயின்றோர் என்ன செய்தனர்? இந்நாட்டுப் பழங்கலையில் காணப்படும் காமச் சிற்ப ஓவியங்களின் படங்களைத் தொகுத்துக் காட்சிக்கு வைத்தனர். முன்னோர் செய்யாததை நாங்கள் செய்துவிடவில்லை என்பதற்கு அதனினும் சிறந்த விடை உண்டோ? அக்காட்சியை மூட மறுத்தமைக்காகப் புலமுதல்வர்ப் பொறுப்பிலிருந்த சிவாசி பணிக்கர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

நம் சென்னைக்கு வருவோம். 2019 சனவரியில் இலயோலா கல்லூரியில் வீதி விருது விழா நடைபெற்றது. ஆங்கே முகிலன் என்னும் ஓவியரின் படங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, பாலியல் கொடுமைக்கு ஆளானவளாகப் பாரதத் தாயைக் காட்டியது. நாட்டைத் தாய் என்று வணங்குகின்றீர்களே, அந்நாட்டிலுள்ள பெண்களின் நிலை இதுவன்றோ என்பதே அப்படத்தின் பொருள். கட்சியினர் சிலரும் சமய அமைப்பினரும் சினந்தெழுந்தனர். படங்கள் அகற்றப்பட்டன, கல்லூரி வருத்தம் தெரிவித்தது. தாளில் வரைந்த பெண்ணுக்காகக் கொதித்தவர்கள், தெருவில் சீரழிக்கப்படும் பெண்ணுக்காக அதே விரைவிற் கொதித்ததுண்டா?

2021 ஆகத்துத் திங்களில் தில்லிப் பல்கலைக்கழகம், ஆங்கில இலக்கியச் சிறப்புப் பட்டப் படிப்பின் பெண்ணெழுத்துப் பாடத்தினின்றும் மூவர் படைப்புகளை நீக்கியது. வங்கத்தின் மகாசுவேதா தேவி எழுதிய ‘திரௌபதி’ என்னும் சிறுகதை. நம் பாமாவின் ‘சங்கதி’. நம் சுகிர்தராணியின் இரண்டு பாக்கள். நீக்கிய மேற்பார்வைக் குழுவில் அத்துறை வல்லுநர் இல்லை என்று கல்வி மன்ற உறுப்பினர் பதினைவர் எழுத்துவழி மறுப்புரைத்தனர். பல்கலைக்கழகமோ, இலக்கியப் பாடம் எவருடைய உணர்வையும் புண்படுத்தலாகாது என்றது. எவருடைய உணர்வையும் புண்படுத்தாத இலக்கியம் எங்கே உண்டு? சேரிப் பெண்டிரின் வாழ்வை அவர்தம் வாய்மொழியிலேயே எழுதினார் பாமா. ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடலையும் உழைப்பையும் பாடினார் சுகிர்தராணி. தமிழ்ப் பெண்டிர் இருவர் தில்லிவரை சென்று எய்திய இடத்தை ஒரு குழு ஒரே கீறலில் அழித்தது.

இனிக் கடல் கடந்த நாட்டையும் காண்க. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் மெக்காலெசுட்டர் கல்லூரி உள்ளது. இரானிய வழிவந்த ஓவியப் பெண்மணி தராவத்து தலேபசந்து 2023-இன் தொடக்கத்தில் அங்கே தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். முக்காடும் முகத்திரையும் அணிந்த பெண்ணின் உடல் வெளிப்படுவதாக அமைந்தவை அவற்றுட் சில. 2022 செபுதம்பரில் மாசா அமினி என்னும் இளம்பெண் இரானியக் காவலில் இறந்தபின், அந்நாட்டுப் பெண்கள் முக்காட்டைக் களைந்து தெருவில் நின்ற காலம் அது. முசுலிம் மாணவர் சிலர், அப்படங்கள் தங்களை இழிவுபடுத்துகின்றன என்று முறையிட்டனர். கல்லூரி சில நாள் காட்சியை நிறுத்தியது, கருந்திரையிட்டு மூடியது, பின்னர் முன்னறிவிப்புப் பலகையுடன் திறந்தது. திரையை எதிர்த்த கலைக்கே திரையிட்டதை என்னென்பது!

இந்நான்கையும் ஒரே தட்டில் நிறுத்தல் முறையாகாது என்று சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. வடோதராவில் கூச்சலிட்டது பெரும்பான்மையின் செருக்கு. மினசோட்டாவில் முறையிட்டவர்களோ சிறுபான்மை மாணவர்கள். முக்காட்டின் பொருட்டே தெருவில் ஏளனத்திற்கு ஆளாகக் கூடியவர்கள். அவர்தம் நோவு நடிப்பு அன்று. அதைக் காதுகொடுத்துக் கேட்டல் கல்லூரியின் கடன். ஆயின், நோவைக் கேட்பது வேறு. நோவு என்ற சொல் எழுந்த நொடியே கலையை மூடுவது வேறு. அந்த ஓவியரும் அம்மரபின் வழிவந்த பெண்தானே? முக்காட்டை விரும்பி அணியும் பெண்ணுக்கு ஒரு நோவு உண்டு. அதை அணியுமாறு அடித்து ஒறுக்கப்பட்ட பெண்ணுக்கு வேறொரு நோவு உண்டு. ஒன்றைக் கேட்டு மற்றொன்றை அடைப்பது எவ்வகை முறை? ஒரு சமயத்தின் பெயரால் பேசுதற்கு ஆடவர்க்கும் அவைத்தலைவர்க்கும் மட்டுமே உரிமை என்று யார் எழுதிக் கொடுத்தார்?

தமிழ் கற்றோர்க்கு இதிற் கடமை மிகுதி என்றோம். ஏன்? கண்ணகியை எண்ணுக! கணவனைக் கள்வன் என்று கொன்ற கோநகரில், இடமுலையைத் தன் கையாற் றிருகி எறிந்து நெருப்பெழச் செய்தவள் அவள். பெண்ணின் உடலே முறை கேட்கும் கருவியானதற்கு அதனினும் பெரிய சான்று உலக இலக்கியத்தில் அரிது. நாம் அவளை நாணமற்றவள் என்றோமா? சேரன் செங்குட்டுவன் வடமலைக் கல் கொணர்ந்து கோயில் எடுத்தான் என்றன்றோ சிலம்பு பேசுகின்றது! காவல்படையினராற் சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண், ஆடையை மறுத்து அதிகாரியின்முன் அம்மணமாய் நிற்பதே மகாசுவேதா தேவியின் கதை. கண்ணகியைப் பாடமாக வைக்கும் நாம் அவளை நீக்குவார்க்குத் துணைபோதல் கூடுமோ?

காரைக்கால் அம்மையார் தம் ஆலங்காட்டு மூத்த பதிகத்தைப் பேய்மகளின் வற்றிய மார்பைப் பாடியே தொடங்குகின்றார். அப்பதிகம் பதினோராந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. வெள்ளிவீதியார் தம் மேனியழகு தமக்கும் ஆகாமல் தலைவற்கும் ஆகாமல் வீணாவதைக் குறுந்தொகையிற் பாடினார். இவர்களைத் தொகுத்த முன்னோர் யாரும் புண்படவில்லை. பின்வந்த நமக்கு மட்டும் தோல் மெலிந்துபோனது எவ்வாறு?

இங்கு நம்மவர்க்கும் ஒரு கேள்வி உண்டு. 2002-இல் குட்டி ரேவதி தம் பா நூலுக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டபோது, அவரையும் அவரையொத்த பெண்பாற் புலவர்களையும் வசைபாடியவர் வடவர் அல்லர். தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் தமிழரே வசைபாடினர். சங்க நூல்களிலும் சிலம்பிலும் பயின்று வரும் நல்ல தமிழ்ச் சொல் அது. ஆடவர் பாடினால் இலக்கியம், பெண் தன் உடலைத் தானே பெயரிட்டுரைத்தால் இழிவு என்றால், அது பண்பாடு அன்று, ஆண் வல்லாண்மை. சுகிர்தராணியைத் தில்லி நீக்கியபோது தமிழுக்கு நேர்ந்த இழிவு என்று பொங்குவோம், அவரையொத்தாரை நம் தெருவிலேயே தூற்றும்போது வாளாவிருப்போம் என்றால், நம் சினத்துக்கு மதிப்பேது? உரிமை என்பது நமக்கு வேண்டியவர்க்கு மட்டும் திறக்கும் கதவன்று.

அங்ஙனமாயின் கல்லூரி எதையும் தடுக்கலாகாதோ? தடுக்க வேண்டியதும் உண்டு. ஓர் இனத்தாரையோ சமயத்தாரையோ அடி, கொல், துரத்து என்று ஏவுவது கலையாகாது, அது குற்றம். மாந்தரைத் தாக்குவதும் கொள்கையைக் குடைந்து கேட்பதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சட்டம் உண்டு. பின்னதற்கு விடை, மற்றொரு படைப்பே.

ஆதலின் கல்லூரியாளர்க்குச் சில கூறுவோம். முறையீடு வந்த அன்றே படைப்பை அகற்றாதீர். படைத்தவரை அழைத்துக் கேளுங்கள். அத்துறை கற்ற ஆசிரியர் முடிவு செய்யட்டும். காண விரும்பாதார்க்கு வாயிலில் முன்னறிவிப்பு வையுங்கள், அது தவறன்று, காணுமாறு எவரையும் வற்புறுத்தவும் வேண்டா. புண்பட்ட மாணவர்க்கும் அதே சுவரில் இடம் கொடுங்கள். அவர் தம் விடையை வரைந்து மாட்டட்டும். தேர்வுக்கு வைத்த படைப்பின்மேற் காவலரை ஏவாதீர்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. முதுகெலும்பு மட்டுமே வேண்டும். வடோதரா மாணவர்க்குப் பதினோராண்டு கழிந்தும் பட்டம் கிட்டவில்லை. 2018-இல் துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்தார் என்று அவர் தளைப்படுத்தப்பட்டார். தீ வைத்தல் தவறே. அதை நாம் போற்றோம். ஆயின் தூரிகை பிடித்த ஒரு கையைத் தீப்பந்தம் பிடிக்கும்வரை காக்கவைத்த பல்கலைக்கழகம் எதைக் கற்பித்தது?

தமிழ் நெஞ்சங்களே! உங்கள் ஊர்க் கல்லூரியில் நாளை ஒரு மாணவி கண்ணகியை வரைவாள். சிலம்பு உரைத்தவாறே, ஒரு முலை இழந்த கோலத்தில் வரைவாள். கூச்சலிட ஒரு கூட்டம் வரும். அன்று வாயிலில் நின்று அந்த ஓவியத்தைக் காப்பவர் நீவிர்தாமா என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்!