ஏழு ஆண்டுகள் தாங்கிய உபதேசம்
18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாப்டிஸ்டு சபைகள் பலவற்றில், மீட்பு முற்றிலும் கடவுளின் செயல், எனவே எல்லோரையும் மனந்திரும்ப அழைக்கத் தேவையில்லை என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785இல் வெளியிட்ட நூல் அதை மறுத்தது. கடவுளின் இறையாண்மையும் யாவருக்கும் நற்செய்தி அறிவிக்கும் கடமையும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று நிறுவியது. அந்த இறையியலில் ஊன்றியே 1792இல் பாப்டிஸ்டு மிஷனரிச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு அதன் மிஷனரியாக வில்லியம் கேரி வங்கம் வந்தார். அவரது பணியில் முதல் இந்தியராகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றதோ 1800 டிசம்பரில்தான். 1812இல் மிஷனின் செராம்பூர் அச்சகம் எரிந்து கையெழுத்துப் படிகள் சாம்பலானபோதும் கேரி வேதாகம மொழிபெயர்ப்பை மீண்டும் தொடங்கினார். மனமாற்றம் கடவுளின் கையில், உழைப்பு தன் கையில் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். உற்சாகம் ஊழியரைக் கப்பலேற்றும். பலன் காணாத ஆண்டுகளில் அவரை நிலைநிறுத்துவது ஆரோக்கியமான உபதேசமே.