சம்பும் ஷரத்தும்

2024 ஜூன் 11-ஆம் தேதி காப்பீட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட பொதுக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலரை நம் வாசகர்கள் இதற்குள் இரண்டொரு முறையேனும் படித்து முடித்திருப்பார்கள் என்பதால், அதன் சாரத்தை மீண்டும் எடுத்துரைத்து அவர்களுடைய பொறுமையைச் சோதிக்கும் உத்தேசம் நமக்கில்லை. கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், நியமித்த 15 நாளில் ரிப்போர்ட், ரிப்போர்ட் கைக்கு வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு என்ற மூன்று கெடுக்களும், தஸ்தாவேஜு போதவில்லை என்ற காரணத்தால் கிளெய்மைத் தள்ளுபடி செய்யலாகாது என்ற விதியும் கொள்கையளவில் ஆட்சேபிக்கத் தக்கவை அல்ல. முப்பது நாள் அவகாசம் இருந்த காலத்தில் அந்த முப்பதையும் உறங்கிக் கழித்துவிட்டு, முப்பத்தோராம் நாள் எஸ்டிமேட்டைப் புரட்டியவர்கள் சர்வேயர்களான நம்மவர்களிலும் சிலர் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயினும், எல்லா ஓன் டேமேஜ் கிளெய்மும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை என்ற அனுமானத்தின்மேல் அந்தக் கெடுக்கள் நிற்கின்றன. பம்பர் நசுங்கியது, கதவு ஒடுங்கியது, கண்ணாடி உடைந்தது என்பனவற்றுக்குப் பதினைந்து நாள் அதிகமே. டிப்ரிசியேஷன் அட்டவணையைப் பார்த்து, பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30 என்று கழித்து எழுத ஒரு பிற்பகல் போதும். வழியில் நின்றுபோன வண்டியின் சங்கதி அப்படிப்பட்டதல்ல. இன்ஜினைத் திறந்தாலன்றிக் காரணம் தெரியாது. திறப்பதற்கு உரிமையாளர் கையொப்பம் இடவேண்டும். கிளெய்ம் கிடைக்காதுபோனால் பிரித்துப் பூட்டிய கூலி தன் தலையில் விழும் என்று அஞ்சி அவர் தயங்குவார். லயபிலிட்டி தெரியாமல் பிரிக்கச் சொல்ல முடியாதென்று கம்பெனியும், பிரித்துப் பார்க்காமல் லயபிலிட்டி சொல்ல முடியாதென்று நாமும் நிற்க, ஒர்க்ஷாப்பின் மூலையில் வண்டி தூசி படிந்துகொண்டிருக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க அந்தச் சர்க்குலரில் ஒரு வரி தேடினோம், கிடைக்கவில்லை.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் நெடுஞ்சாலையில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த வாசுதேவநல்லூரில் இருந்துகொண்டு பல வருஷங்களாக இத்தொழிலைச் செய்துவரும் எமக்கு, இந்த ஜாதிக் கிளெய்ம் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு குடும்பத்தாரின் வண்டிதான். ராஜபாளையத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, சிவகிரியைத் தாண்டிய ஓரிடத்தில் லாரியிலிருந்து விழுந்து கிடந்த கல்லொன்று அடியில் மோதியது. சப்தம் கேட்டது, வண்டி ஓடியது, ஆகவே ஓட்டினார்கள். ஆயில் தேங்கும் சம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆயில் முழுவதும் சாலையில் கோடு போட்டுக்கொண்டே வந்து, ஊருக்குள் நுழையும் முன்பே இன்ஜின் சீஸ் ஆகி நின்றுவிட்டது. பேரிங்குகள் உருகிக் கிராங்க்கைக் கவ்வியிருந்தன. ஆயில் லைட் எரியவில்லையா என்று கேட்டதற்கு, அந்த மனிதர் எதையும் மறைக்காமல், “எரிஞ்சது மெய்தான் ஐயா, நடுச்சாமத்துல, பொம்பளையாளுகளையும் பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு, அந்தக் காட்டுல எங்கன போயி நிக்க?” என்றார். சம்புக்கு உண்டு, இன்ஜினுக்கு இல்லை என்று கம்பெனி கடிதம் அனுப்பியது. எமது ரிப்போர்ட்டைத் தழுவியே அக்கடிதம் எழுதப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

அந்த ரிப்போர்ட்டை இன்று எழுதுவதாயின் வேறு விதமாக எழுதுவோம். நம்மில் பலர் இத்தகைய கேஸ்களில் ‘கான்சிக்வென்ஷியல்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறோம். அச்சொல் பாலிசியின் விலக்குப் பட்டியலில் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் அண்டையில் அமர்ந்திருப்பதால், எல்லாம் ஒன்றே என்ற மயக்கம் நேர்கிறது. தேய்ந்துபோன ஆயில் பம்ப் நின்று சீஸ் ஆன இன்ஜின் வேறு. வெளியிலிருந்து கல் மோதி ஆயில் வடிந்து சீஸ் ஆன இன்ஜின் வேறு. முன்னதற்கு விபத்தே இல்லை. பின்னதற்கு விபத்துத்தான் மூலம். பின்னதை மறுப்பதற்கு வேண்டிய அதிகாரம், வண்டியைப் பாதுகாப்பது பற்றிய நிபந்தனையில் மட்டுமே இருக்கிறது: தேவையான பழுதுபார்ப்பைச் செய்யுமுன் வண்டி ஓட்டப்பட்டால், அதனால் பெருகும் சேதம் பாலிசிதாரரின் பொறுப்பு என்பது அது. பழுதுபார்ப்பு தேவை என்று அறிந்திராத ஒருவர் அதைச் செய்யாமல் ஓட்டினார் என்று குற்றம் சாட்டுவது யுக்தமாகாது என்பது எமது அபிப்பிராயம். ஆகையால் மோதிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடையிலுள்ள தூரம், சாலையில் விழுந்த ஆயிலின் தடம், லைட் வேலை செய்யும் நிலையில் இருந்ததா, எந்த நேரத்தில் நேர்ந்தது, நிறுத்தத் தக்க இடம் இருந்ததா என்ற இவை ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் இடம்பெற வேண்டும். இவை இல்லாத ரிப்போர்ட் மதிப்பீடு ஆகுமே தவிர விசாரணை ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தாமிரபரணிக் கரையெங்கும் முங்கிய வண்டிகளின் ஹைட்ரோஸ்டாடிக் லாக் கேஸ்களிலும் இதே கேள்விதான் எழுந்தது; ஓடிக்கொண்டிருந்தபோதே தண்ணீரை உறிஞ்சியதா, நின்றபின் சாவியைத் திருப்பியதால் கனெக்டிங் ராடு வளைந்ததா என்பதைப் பிரித்தறியாமல் ஒரே அச்சில் வார்த்த மறுப்புகளை நாம் கண்டோம்.

இனி, எம் மனத்தை நெடுங்காலமாக உறுத்திவரும் விஷயத்துக்கு வருவோம். அந்த மனிதர் நின்றிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? ஓட்டக்கூடாது என்று சொல்லும் அதே நிபந்தனை, பிரேக்டவுன் ஆன வண்டியைத் தக்க பாதுகாப்பின்றி விட்டுவிட்டுப் போகலாகாது என்றும் சொல்கிறது. ஓட்டவும் ஆகாது, விட்டுப் போகவும் ஆகாது என்றால் மிஞ்சுவது இழுத்துக்கொண்டு போவதுதான். அதற்குப் பிரைவேட் கார் பாலிசி தரும் தொகை, பாதுகாப்பு, இழுவை, திரும்ப ஒப்படைத்தல் எல்லாம் சேர்த்து, விபத்து ஒன்றுக்கு 1,500 ரூபாய். 2002-ஆம் வருஷத்து மோட்டார் டாரிஃபில், டீசல் லிட்டர் இருபது ரூபாய் அளவில் விற்ற நாளில், எழுதிய எண் அது. டீசல் தொண்ணூறைத் தாண்டிவிட்ட இன்றும் நம் மேசைக்கு வரும் பாலிசிகளில் அதே எண் அச்சாகி வருகிறது. 2007 ஜனவரி 1-ஆம் தேதி கட்டணங்களுக்கு விடுதலை கிடைத்தது. வாசகங்கள் மாத்திரம் சிறையிலேயே இருந்தன. இடைக்காலத்தில் ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்வதற்கில்லை: பாலிசிதாரர் தம் கையிலிருந்து கட்டாயமாகக் கழித்துக்கொள்ள வேண்டிய டிடக்டிபிள், சிறிய கார்களுக்கு 500-லிருந்து 1,000 ஆகவும், 1500 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 1,000-லிருந்து 2,000 ஆகவும் இரட்டிப்பாயிற்று. அவர் கொடுக்க வேண்டியதைப் பெருக்கக் காலம் கிடைத்தவர்களுக்கு, அவர் பெற வேண்டியதைத் திருத்தக் காலம் கிடைக்கவில்லை போலும்!

‘அருகிலுள்ள ரிப்பேர்காரர்’ வரைதான் இழுவைக் கூலி என்பது இன்னொரு வேடிக்கை. எமதூரில் அருகிலுள்ள ரிப்பேர்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்; கைதேர்ந்தவர்; ஆனால் அவரிடம் இறக்கினால், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்ஷாப் அல்லவே என்று கேள்வி வரும். கேஷ்லெஸ் வேண்டுமானால் தென்காசிக்கு நாற்பது கிலோமீட்டர் போகவேண்டும். சில கம்பெனிகளின் வண்டிகளுக்கு மதுரைதான் கதி, அது நூறுக்கு மேல். சம்பு ஓட்டையான வண்டியை 1,500 ரூபாய்க்கு மதுரை வரை ஏற்றிக்கொண்டு போகும் ரிக்கவரி வண்டிக்காரரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. ரோடு சைடு அசிஸ்டென்ஸ் என்ற ஆட்-ஆன் இருக்கிறதே என்பார்கள். தனிப் பிரீமியம் கட்டியவருக்கு, தூர வரம்புக்கும் தடவை வரம்புக்கும் உட்பட்டு இருக்கிறது. கட்டாதவருக்கும் அந்த நிபந்தனை அதே கடுமையோடுதான் பொருந்துகிறது. கைக்காசு இல்லாததால் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று துணிபவரை அலட்சியக்காரர் என்று எழுதுகிறோம். அந்த அலட்சியத்தை உற்பத்தி செய்தது 1,500 என்ற எண் என்பதை எழுதுவதற்கு நம் ரிப்போர்ட் படிவத்தில் கட்டமே இல்லை. கம்பெனியைக் கேட்காமல் பாலிசிதாரர் தாமே செய்துகொள்ளத் தக்க பழுதுபார்ப்பின் உச்சவரம்பு 500 ரூபாய் என்று இன்னமும் அச்சிடுகிறார்களே, அந்தத் தொகைக்கு இன்று ஆயில் மாற்றவும் முடியாது என்பதை ஐதராபாத்திலுள்ள ஆணையத்தில் கார் வைத்திருக்கும் உத்தியோகஸ்தர் ஒருவரேனும் அனுபவத்தில் அறிந்திருக்க மாட்டாரா? மணிக்கணக்கையும் நாட்கணக்கையும் இவ்வளவு துல்லியமாக நமக்கு விதிக்கத் தெரிந்த ஆணையத்துக்கு, ரூபாய்க் கணக்கு மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாகக் கண்ணில் படாதது எப்படி? கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த நெற்கட்டும்செவலுக்குப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கம்பெனி என்றாலே முறைப்புத்தான் என்று நண்பர்கள் பரிகசிப்பதுண்டு. முறைப்பு கம்பெனியின் மேல் அல்ல, அதை மேற்பார்ப்பவர்கள் மேல்.

இன்னொன்று: லைசென்ஸ் பெற்ற சர்வேயர் கட்டாயம் என்ற நஷ்ட வரம்பு சட்டத்தில் 20,000 ரூபாயாக இருந்து, மோட்டாருக்கு 50,000 ஆக உயர்ந்துவிட்டது பற்றி முன்பே எழுதியிருக்கிறோம். சம்பு மட்டும் உடைந்த கேஸ் அந்த வரம்புக்குள் அடங்கி, கம்பெனி ஊழியரின் செல்போன் வீடியோவில் முடிந்துவிடுகிறது. இன்ஜின் போனபிறகுதான் நம்மை அழைக்கிறார்கள். அதற்குள் சாலையிலிருந்த ஆயில் தடம் மழையில் கரைந்திருக்கும்.

நம் ரிப்போர்ட்டின் பலம் பற்றியும் ஒரு வார்த்தை: சர்வே ரிப்போர்ட் முடிந்த முடிவல்ல என்று பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நமக்கு எதிரான தீர்ப்பாகச் சிலர் இன்னும் கருதி வருகிறார்கள். அதே வருஷத்தில், ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குப் பிடிக்காத ரிப்போர்ட் வந்ததென்பதற்காகக் காரணம் சொல்லாமல் வேறு சர்வேயரை நியமிக்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை என்றும் அந்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், காரணங்களோடு எழுதிய ரிப்போர்ட்டுக்குத்தான் பலம் என்பது விளங்கும். ஆகவே பதினைந்து நாளில் இன்ஜினைத் திறக்க முடியாத கேஸ்களில், திறக்க முடியாததற்கு யார் காரணம் என்பதைத் தேதிவாரியாக எழுதி இடைக்கால ரிப்போர்ட்டாக அனுப்பிவிடுங்கள்; கெடு தவறிய பழி நம்மேல் விழ வேண்டியதில்லை.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். இவ்வருஷம் நீங்கள் பார்த்த கேஸ்களில் பாலிசிதாரர் கொடுத்த இழுவைக் கூலி ரசீதுகளின் நகல்களை, பெயரையும் வண்டி நம்பரையும் மறைத்துவிட்டு, எங்கிருந்து எங்கே இழுக்கப்பட்டது என்பதை மட்டும் ஓரத்தில் குறித்து, தீபாவளிக்குள் இந்தக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். அவற்றைக் கட்டாகக் கட்டி ஐதராபாத்துக்குத் தபாலில் அனுப்புவோம். பதில் வந்தால் அதை அடுத்த இதழிலும், வராவிட்டால் அதற்கடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மாதமும் பக்கத்துக்கு நான்காக அந்த ரசீதுகளையும் அச்சிடுவோம்.