பிளேட்டை மட்டும் விற்றால் போதுமா?

வியாபாரச் சகோதரர்களே!

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படுவான்கரை விவசாயிகள் நமது பக்கக் கடைகளுக்கு வந்துபோவது இலகுவாயிற்று. பெரும்போகத்துக்கு வரம்பு துப்புரவாக்கும் நாட்களில் அவர்கள் கேட்டு வரும் சாமான்களில் ஒன்று புல் வெட்டும் மெஷினின் பிளேட். நாமும் எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுகிறோம். அத்தோடு நமது பொறுப்பு முடிந்து விடுகிறதா?

சில வருடங்களுக்கு முன் நான் விற்ற ஒரு பிளேட், வேலை நடக்கும்போதே கழன்று பறந்து சேற்றில் குத்தி நின்றது. வாங்கியவரின் மகன் இரண்டு முழம் தள்ளி நின்றதால் தப்பினான். பிளேட் புதிது, நட் பழையது, தேய்ந்தது. "நட்டையும் மாற்றுங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுழலும் 10 அங்குல பிளேட்டின் ஓரம் மணிக்கு 330 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரையுள்ள தூரத்தை அது ஒரு மணித்தியாலத்தில் முடித்து விடும்! அந்த வேகத்தில் ஒரு துண்டு தெறித்தால் என்னவாகும்?

ஆகவே பிளேட் கேட்டால் முதலில் மெஷினின் அளவைக் கேளுங்கள். நடுத்துளை ஓர் அங்குலம் உள்ளதும் 20 மில்லிமீற்றர் உள்ளதும் சந்தையில் உண்டு. மாறிப் போட்டால் பிளேட் நடுவில் நிற்காது, மெஷின் நடுங்கும். பிளேட்டோடு நட்டையும் எடுத்து வையுங்கள். அநேக மெஷின்களில் இந்த நட் எதிர்ப்பக்க மரை கொண்டது. வழமையாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர் பலங்கொண்டு திருகி மரையைக் கெடுத்து விடுவார். இதையும் சொல்லிக் கொடுங்கள்.

பிளேட்டில் கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்ற வேண்டும். அரம் போடுவதானால் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் போட வேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றி எறியக் கூடாது. வேலை நடக்கையில் 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது.

வெடிப்பு விழுந்த பிளேட்டை வெல்டிங் பண்ணித் தரச் சொல்வோரும் உண்டு. கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் தயவுசெய்து மறுத்து விடுங்கள். ஒட்டிய இடம் மீண்டும் விடும். அது பழைய இரும்புக்குப் போக வேண்டிய சாமான்.

குறை தெரிந்தும் சொல்லாமல் விற்பது நமக்கு ஆகுமானதல்ல. பிளேட்டின் விலையோடு பார்த்தால் நட்டின் விலை சொற்பம். சொல்லும் வார்த்தைக்கோ செலவே இல்லை.