பர்க்ஹெட்டின் பழைய புத்தாண்டு

ஸ்காட்லாந்தின் வடகரையில், மோரே விரிகுடாவினுள் மூக்குப்போல் நீண்டிருக்கும் நிலத்தின்மேல் பர்க்ஹெட் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. ஜனவரி 11-ம் தேதி மாலை நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, உலகத்தாருக்குப் புத்தாண்டு பழசாகிவிட்டிருந்தது. பர்க்ஹெட்வாசிகளுக்கோ அன்றுதான் வருஷத்தின் கடைசி இரவு!

1752-ல் பிரிட்டிஷ் சர்க்கார் பஞ்சாங்கத்தைத் திருத்திப் பதினொரு நாட்களை நீக்கிற்று. ஊரார் மற்றக் காரியங்களுக்குப் புதுக் கணக்கை ஏற்றார்கள். இந்த இரவை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை.

அன்று எரியும் 'கிளேவி' என்பது பாதியாக வெட்டிய மரப் பீப்பாய். அதில் விறகையும் தாரையும் நிரப்பிக் கம்பத்தின்மேல் ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். ஆணியை அடிக்கச் சுத்தியல் ஆகாது, கல்தான் வேண்டும். தீக்குச்சியும் ஆகாது; ஒரு வீட்டு அடுப்பில் கனலும் 'பீட்' மண்கட்டி கொண்டே மூட்டவேண்டும். பிறகு 'கிளேவி ராஜா' முன்செல்ல, ஆட்கள் தோள் மாற்றிச் சுமந்து ஊரை வலமாகச் சுற்றி ஓடுகிறார்கள். தார் தீப்பொறியாய்ச் சொட்டுகிறது. சுமப்பவன் கால் இடறினால் ஊருக்கே கேடு என்பது நம்பிக்கை. ஆகையால் பார்த்து நிற்பவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சில வாசல்களில் நின்று, எரிந்த துண்டொன்றைக் கொடுத்துச் செல்கிறார்கள். அதை ஒரு வருஷம் வீட்டில் காப்பாற்றி வைக்கிறார்கள். கடல்கடந்த உறவினருக்கு அனுப்புவதும் உண்டு.

ஊர்வலம் முடிவது டூரிக் குன்றில். அது பிக்டியர் என்ற பழங்குடியினரின் பெருங்கோட்டையில் மிஞ்சிய மதில் துண்டு. 1805 முதல் இன்றைய ஊரையும் துறைமுகத்தையும் அமைத்தபோது அந்தக் கோட்டையில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அப்பொழுது காளை உருவம் செதுக்கிய கற்கள் சுமார் முப்பது அகப்பட்டன. இன்று எஞ்சியவை ஆறே. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கல்லைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் நெருப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

இந்தச் சடங்கு பிக்டியருடையது என்பாரும், நார்வே நாட்டு மாலுமிகள் கொணர்ந்தது என்பாரும் உளர். இரண்டுக்கும் சாஸனம் இல்லை; நமக்கு அந்த வாதத்தில் அக்கறையுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சபையார் இதை அஞ்ஞானிகளின் வழக்கமென்று கண்டித்தார்கள். ஊரார் கேட்கவில்லை. ஆனால் 11-ம் தேதி ஞாயிறாக வந்தால், கர்த்தரின் நாளில் வேண்டாமென்று முந்தின சனிக்கிழமையே கிளேவியைக் கொளுத்திவிடுகிறார்கள்.