மேகக் கணினி: மொய் நோட்டு யார் கையில்?



"எல்லாம் கிளவுட்ல இருக்கு" என்று இப்போ எல்லாரும் சொல்றாங்க. கிளவுட் என்றால் மேகம். ஆனா அது வானத்தில் இல்லை, தரையில்தான் இருக்கு. யாரோ ஒருத்தர் கட்டிடத்தில், ஏசி போட்டு, இரவு பகலா ஓடுகிற கணினிகள்தான் அது. நம்ம நெம்மேலிக்கு வடக்கே சிறுசேரி சிப்காட்டில்கூட அப்படிப்பட்ட டேட்டா சென்டர்கள் உள்ளன. அந்தக் கணினிகளை இன்டர்நெட் வழியாக மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இதில் மூன்று வகை உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-ல் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதியது. காதுகுத்து விருந்தை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

1. ஐயாஸ் (உள்கட்டமைப்பு): இடம், அடுப்பு, அண்டா மட்டும் வாடகை. சமையல் முழுக்க நம்முடையது. அமேசான் 2006-ல் ஆரம்பித்த இசி2 இந்த வகை. கணினியை அவங்க கொடுப்பாங்க. சாஃப்ட்வேர் போடுவதும் பாதுகாப்பதும் நம் வேலை.

2. பாஸ் (தளம்): அடுப்பு எரியுது, காய் நறுக்கியாச்சு, கேஸ் தீர்ந்தா அவங்களே மாத்துவாங்க. நம்ம கைப்பக்குவத்தில் குழம்பு வைத்தால் போதும். 2008-ல் வந்த கூகுள் ஆப் என்ஜின் இப்படித்தான். நாம் எழுதிய புரோகிராமைக் கொடுத்தால் ஓட்டிக் கொடுக்கும்.

3. சாஸ் (மென்பொருள்): இலை போட்டுப் பரிமாறிவிடுவார்கள், சாப்பிட வேண்டியதுதான். ஜிமெயிலும், நம் மாவட்டத்துக் கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கிற ஜோஹோ நிறுவனத்தின் மெயிலும் இந்த வகை.

"மூன்றாவதுதான் சுகம், ஒரு கவலையும் இல்லை" என்பார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். சமையலை யார் செய்தாலும், மொய் நோட்டை மண்டபக்காரரிடம் விட்டுட்டு வருவோமா? நம் தகவலும் பாஸ்வேர்டும்தான் அந்த மொய் நோட்டு. வகை மாறினால் வேலை குறையும், இந்தப் பொறுப்பு மட்டும் குறையாது.

2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' அழிந்தது. 858 டெராபைட் போச்சு! காரணம், வேறு இடத்தில் அதற்கு நகல் இல்லை. அவ்வளவு முன்னேறிய நாட்டுக்கே இந்தக் கதி.

நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். நம் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தாச்சு. பதிவு செய்யும்போது அவசரத்தில் கடைக்காரர் செல் நம்பரைக் கொடுத்தால், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கல்லூரியில் சேரும் நாளில் அவரைத் தேடி எங்கே ஓடுவது?

ஆகவே வீட்டு நம்பரையே கொடுப்போம். பாஸ்வேர்டை நாமே வைத்துக்கொள்வோம். அசல் பேப்பரைப் பத்திரமாக வைத்து, பென் டிரைவில் ஒரு நகலும் எடுப்போம். விருந்து யார் வீட்டுச் சமையலாகவும் இருக்கட்டும், மொய் நோட்டு நம்ம வீட்டுப் பெட்டியில்தான் இருக்கணும்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி